பெங்களூரிலிருந்து பொடக்காளி பாய்லரைக் கவனிப்பது எப்படி?

கோபிசெட்டிபாளையம் பக்கம் தோட்டத்து வீட்டில் உங்கள் அப்பாவும் அம்மாவும் மட்டும் இருக்கிறார்கள். வீட்டுக்கு வெளியே பொடக்காளியில், அதாவது கொல்லைப்புறத்தில், மாட்டுக்கொட்டகையை ஒட்டி 200 லிட்டர் விறகு பாய்லர் நிற்கிறது. விடிகாலை ஐந்து மணிக்கு அப்பா பற்றவைக்கிறார். முன்பு முக்கால் மணி நேரத்தில் சூடான தண்ணீர் இப்போது ஒன்றரை மணி நேரம் எடுக்கிறது, புகைபோக்கியின் மூட்டில் தார்போல ஏதோ வழிகிறது. பெங்களூரில் இருந்தபடி வெப்பநிலையைக் கைபேசியில் பார்க்க என்ன கருவி வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். கருவியைப் பற்றித்தான் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் எழுபது வயதைத் தாண்டியவர் இருட்டில் தனியாக நெருப்போடு நிற்கிறாரே, அவருக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாதே என்ற கவலைதான் கேள்விக்குள் இருக்கிறது. அந்தக் கவலைக்கு முதலில் பதில் சொல்கிறேன். கருவிக்குப் பிறகு வருகிறேன்.

நான் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளில் பாய்லர் அட்டெண்டராக இருபத்தாறு ஆண்டுகள் வேலை பார்த்தவன். விறகைத் தின்று நீராவி கக்கும் பெரிய பாய்லர்கள் அவை. 2011 தொடக்கத்தில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோது, சும்மா இருந்த மாதங்களில் சென்னிமலைப் பக்கம் எங்கள் தோட்டத்து வீட்டின் பொடக்காளியில் எனக்கென்று ஒரு சுடுதண்ணீர் பாய்லர் போட்டேன். இன்றும் அதில்தான் குளிக்கிறோம். தொழிற்சாலையில் ஒவ்வொரு மணிக்கும் ஏட்டில் எழுதிப் பழகிய கை என்பதால், வீட்டு பாய்லருக்கும் ஒரு நோட்டுப் போட்டு எழுதி வருகிறேன். கீழே சொல்வதில் பெரும்பகுதி அந்த நோட்டிலிருந்து வருவது.

சந்தேகமே இல்லாமல் சொல்லக்கூடிய ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். வீட்டு விறகு பாய்லரில் உயிரைக் காப்பது வெப்பமானி அல்ல, மேலே திறந்து நிற்கும் காற்றுப்போக்குக் குழாய். பிளம்பர்கள் அதை ஏர் பைப் என்பார்கள். பாய்லரின் உச்சியிலிருந்து கிளம்பி, மேல்தொட்டியின் நீர்மட்டத்தையும் தாண்டி உயர்ந்து, வாய் திறந்து நிற்க வேண்டும். அதில் எந்த வால்வும் கூடாது, மூடியும் கூடாது. தண்ணீர் 25 டிகிரியிலிருந்து 80 டிகிரிக்குப் போகும்போது 200 லிட்டருக்கு ஏறக்குறைய 5 லிட்டர் விரிகிறது. அந்த 5 லிட்டருக்குப் போக இடம் வேண்டும். கொதித்துவிட்டாலோ கதையே வேறு: ஒரு லிட்டர் தண்ணீர் நீராவியானால் 1,600 லிட்டருக்கு மேல் இடம் கேட்கும். வழி இல்லாவிட்டால் அது தகட்டைக் கிழித்துக்கொண்டு போகும்.

என் வீட்டிலேயே இது நடக்கப் பார்த்தது. ஒரு பங்குனி மாதம், காலையில் பற்றவைத்து இருபது நிமிடம் ஆகியிருக்கும். பாய்லருக்குள்ளிருந்து யாரோ மரச்சுத்தியலால் தட்டுவதுபோலச் சத்தம். குளியலறைக் குழாயைத் திறந்தால் தண்ணீர் சீறிக்கொண்டு வந்து நின்று, மறுபடியும் சீறியது. தொழிற்சாலைக் காது என்பதால் உடனே புரிந்தது. எரிந்த கட்டைகளை வெளியே இழுத்துப் போட்டுவிட்டு, எல்லாச் சுடுதண்ணீர்க் குழாய்களையும் திறந்துவிட்டுத் தள்ளி நின்றேன். ஆறிய பிறகு ஏணி வைத்து ஏறிப் பார்த்தால், ஏர் பைப்பின் வாயில் குளவி கட்டிய மண்கூடு. கட்டைவிரல் நீளம்கூட இல்லை, ஆனால் வாயைக் கச்சிதமாக அடைத்திருந்தது. வெயில் காலத்தில் நாங்கள் பாய்லரைத் தொடாமல் விட்டிருந்த இரண்டு வாரத்தில் கட்டியிருக்கிறது. அன்றிலிருந்து குழாயின் வாயைக் கீழ்நோக்கி வளைத்து, கம்பிவலை கட்டியிருக்கிறேன். ஏர் பைப் வழியே காற்று போய்வருகிறதா என்று மாதம் ஒருமுறை பார்க்கிறேன்.

இன்னொரு ஆபத்து இப்போதைய வீடுகளில் பெருகிவருகிறது. மாடியில் ஷவர் வேகமாக வரவேண்டும் என்று பிரஷர் பம்ப் வைக்கிறார்கள். பம்ப் வைத்தால் ஏர் பைப்பில் தண்ணீர் வழிகிறது என்று அதன் வாயில் மூடி போட்டுவிடுகிறார்கள். சுடுதண்ணீர் மேல்தொட்டிக்குத் திரும்புகிறது என்று பச்சைத் தண்ணீர் வரும் வழியில், தண்ணீரை ஒரு பக்கம் மட்டும் விடும் என்ஆர்வி வால்வு மாட்டுகிறார்கள். மூன்றும் சேர்ந்தால், நாலு பக்கமும் பூட்டிய பாத்திரத்துக்கு அடியில் தீ மூட்டியதாக ஆகிறது. என் உறவினர் வீட்டில் இப்படித்தான் ஒரு பிளம்பர் செய்து வைத்திருந்தார். நல்லவேளையாகத் தகடு புடைத்ததோடு நின்றது. உங்கள் வீட்டில் பிரஷர் பம்ப் இருந்தால், அது பாய்லர் வழிக்குள் வரவே கூடாது. மேல்தொட்டியிலிருந்து தானாக இறங்கும் தண்ணீர் போதும். பத்து மீட்டர் உயரத் தண்ணீர்தான் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ அழுத்தம் தரும். சாதாரண வீட்டு மேல்தொட்டி அதில் பாதிதான் தரும். 1923-ஆம் ஆண்டு பாய்லர் சட்டமும், அதன் இடத்தில் 2025-இல் வந்த சட்டமும் ஒரு கிலோவுக்குக் குறைந்த அழுத்தத்தில் இயங்கும் பாத்திரங்களையும், நூறு டிகிரிக்குக் கீழே தண்ணீர் சூடாக்கும் பாத்திரங்களையும் பாய்லர் என்று எடுத்துக்கொள்வதில்லை. ஆகவே உங்கள் வீட்டு பாய்லரைச் சோதிக்க எந்த அதிகாரியும் வரமாட்டார். பார்க்க வேண்டியவர்கள் நீங்களும் அப்பாவும்தான்.

இனி ஏன் நேரம் இரட்டிப்பாகிறது என்பதைப் பார்ப்போம். இதை ஊகிக்க வேண்டியதில்லை, கணக்கே சொல்லிவிடும். 200 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குக் கொண்டுபோக 7,000 கிலோகலோரி வேண்டும். வெயிலில் நன்றாகக் காய்ந்த விறகு கிலோவுக்குச் சுமார் 3,500 கிலோகலோரி தரும். முழுச் சூடும் தண்ணீருக்கே போனால் இரண்டு கிலோ விறகு போதும். வீட்டு பாய்லரில் பாதிக்கு மேல் சூடு புகைபோக்கி வழியாகவும் தகட்டின் வழியாகவும் போய்விடும் என்பதால், நான்கைந்து கிலோ ஆனால் பாய்லர் நலமாக இருக்கிறது என்று பொருள். அப்பாவிடம் ஒரு நாள் விறகை எடைபோட்டு எரிக்கச் சொல்லுங்கள். பழைய பேப்பர்காரரின் தொங்குதராசு போதும். எட்டு, பத்துக் கிலோ போகிறது என்றால் சூடு எங்கோ வீணாகிறது. அப்படி வீணாக மூன்று இடங்கள்தான் உண்டு: தண்ணீர்ப் பக்கம் உப்புப் படிவு, நெருப்புப் பக்கம் கரி, இல்லாவிட்டால் ஈர விறகு. தார் வழிவதைப் பார்த்தால் உங்கள் வீட்டில் ஈர விறகும் கரியும் உறுதி. உப்பும் சேர்ந்திருக்கும் என்பது என் கணிப்பு. அதை நேரில் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

உப்பைக் கணிக்கக் காரணம் நம் நிலத்தடி நீர். கோயம்புத்தூர்க்காரர்கள் சிறுவாணித் தண்ணீரைக் கொண்டாடுவது நாக்குக்காக மட்டும் அல்ல, அந்தத் தண்ணீரில் பாத்திரம் வெளுக்காது. நம் பக்கத்து ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் அப்படி இல்லை. சூடேறினால் சுண்ணாம்பு பிரிந்து, சூடு அதிகம் இருக்கும் தகட்டில்தான் முதலில் ஒட்டும். அந்தப் படிவு எஃகைவிடப் பல மடங்கு குறைவாகவே சூட்டைக் கடத்தும். தண்ணீருக்குப் போகாத சூடு தகட்டிலேயே தங்கித் தகட்டைத் தின்னும். இதைக் காதால் கண்டுபிடிக்கலாம். தண்ணீர் கொதிநிலைக்கு வெகு கீழே, ஐம்பது டிகிரியில் இருக்கும்போதே உள்ளே கடகடவென்று கூழாங்கல் உருளும் சத்தம் கேட்டால், படிவுக்கு அடியில் சிக்கிய தண்ணீர் குமிழியாகிறது என்று அர்த்தம். ஏர் பைப் அடைத்தால் எழும் தட்டல் வேறு, இது வேறு. எந்தச் சத்தமாக இருந்தாலும் முதலில் ஏர் பைப்பைப் பார்த்துவிட்டுத்தான் உப்பைப் பற்றி யோசிக்க வேண்டும்.

படிவைக் கரைக்கும் முன் பாய்லர் எந்த உலோகம் என்று தெரிய வேண்டும். உள்தகடு செம்போ ஸ்டெயின்லெஸ் ஸ்டீலோ என்றால் சிட்ரிக் அமிலம் போதும். தீயை முழுவதும் அணைத்து, வீட்டுக்குப் போகும் வால்வை மூடி, பத்து லிட்டர் தண்ணீருக்கு 300 கிராம் வீதம் கலந்து, கை பொறுக்கும் சூட்டில் மூன்று நான்கு மணி நேரம் ஊறவிட்டு, அடி வால்வு வழியே வடித்து, இரண்டு முறை நல்ல தண்ணீர் விட்டு அலசுங்கள். அப்போதும் ஏர் பைப் திறந்தே இருக்க வேண்டும், சுண்ணாம்பு கரையும்போது வாயு வரும். துத்தநாகப் பூச்சுள்ள ஜிஐ தகடாக இருந்தால் எந்த அமிலமும் வேண்டாம், பூச்சைத் தின்றுவிடும். கழிப்பறை கழுவும் ஆசிட்டை ஊற்றலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அது ஸ்டெயின்லெஸ் ஸ்டீலிலும் ஊசித் துளைகளைப் போடும். இதையெல்லாம்விட எளிது, வாரம் ஒருமுறை பற்றவைக்கும் முன் அடி வால்வைத் திறந்து ஒரு வாளித் தண்ணீரை வேகமாக வடிப்பது. தொழிற்சாலையில் இதை ஷிப்டு தவறாமல் செய்வோம். முதல் வாளி கலங்கலாக, வெள்ளைத் துகளோடு வருவதைப் பார்த்தால் அப்பாவே விடமாட்டார்.

தார் ஒழுகலுக்குக் காரணம் விறகில் இருக்கும் தண்ணீர். பச்சை மரத்தின் எடையில் ஏறத்தாழப் பாதி தண்ணீர்தான். ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்கவே 600 கிலோகலோரிக்கு மேல் செலவாகும். அந்தச் சூட்டை இழந்த நெருப்பு மங்கி, எரியாத புகை புகைபோக்கியில் ஏறி, குழாயின் சூடு 120 டிகிரிக்குக் கீழே இருக்கும் இடத்தில் படிந்து தாராகிறது. அந்தத் தார் காய்ந்தால் பளபளவென்று கறுப்புக் கண்ணாடிபோல் ஆகும். என்றாவது ஒரு நாள் தீ நன்றாக எரிந்தால் அது புகைபோக்கிக்குள்ளேயே பற்றிக்கொள்ளும். உங்கள் பாய்லர் மாட்டுக்கொட்டகையை ஒட்டி இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். கூரை தென்னங்கீற்றா தகரமா என்று எழுதவில்லை. கீற்றாக இருந்தால் வேறு எதையும் செய்வதற்கு முன் பாய்லரை இடம் மாற்றுங்கள். ஆடி மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் மேற்குக் காற்று நம் பக்கம் எப்படி அடிக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் காற்றில் ஒரு பொறி சோளத்தட்டுப் போருக்குப் போக அரை நிமிடம் ஆகாது. அடுப்பு வாய் மேற்கே பார்த்து இருக்கக் கூடாது. புகைபோக்கியின் உச்சி, பத்தடிக்குள் இருக்கும் எந்தக் கூரை முகட்டையும்விட இரண்டடியாவது உயர்ந்திருக்க வேண்டும். உச்சியில் பொறி தடுக்கும் வலை வேண்டும். அந்த வலையும் கரியால் அடைத்துக்கொள்ளும் என்பதையும் மறக்கக் கூடாது.

விறகைப் பொறுத்தவரை எனக்குக் கருவேலமும் புளியும் சீமைக்கருவேலமும் பிடிக்கும். கங்கு நின்று எரியும். முருங்கையும் கல்யாண முருங்கையும் கூளம்போலப் பற்றி அணைந்துவிடும். எந்த மரமானாலும் பிளந்து, மேலே மட்டும் மூடி, பக்கவாட்டில் காற்றுப் போகும்படி அடுக்கி ஆறு மாதம் விட வேண்டும். சித்திரைக்கு முன் பிளந்து வைத்தால் ஐப்பசி மழைக்குள் காய்ந்துவிடும். இரண்டு துண்டுகளை ஒன்றோடொன்று தட்டிப் பாருங்கள். காய்ந்தது கணீரென்று ஒலிக்கும், ஈரமானது மொத்தென்று அடங்கும். தென்னை மட்டையும் பாளையும் தோட்டத்தில் சும்மா கிடக்கும் என்பதால் எல்லோரும் அதையே போடுகிறோம். பற்றவைக்க நல்லது, ஆனால் முழுநேர எரிபொருளாக நான் பரிந்துரைக்க மாட்டேன். தென்னை உப்பை விரும்பும் மரம், அதன் சாம்பலில் பொட்டாசியமும் குளோரைடும் மிகுதி, இரண்டும் சேர்ந்து எரியறைத் தகட்டை அரிக்கும். அரளிக் கட்டையைப் போடவே கூடாது, அதன் புகையே நஞ்சு. பனியன் கம்பெனிக் கழிவுத் துணியைப் பலர் வாங்கி எரிக்கிறார்கள். அதில் பாலியெஸ்டர் கலந்திருக்கும், சாயம் இருக்கும், அந்தப் புகை மாட்டுக்கும் மனிதருக்கும் ஆகாது. வாழ்நாளில் பாதியைச் சாயத்துக்கு நடுவே கழித்தவன் சொல்கிறேன், இதில் தயவுசெய்து பிடிவாதமாக இருங்கள்.

புகைபோக்கியையும் பாய்லருக்குள் புகை ஏறும் நடுக்குழாயையும் கம்பிப் பிரஷ்ஷால் தேய்ப்பதற்குக் கால அளவு கேட்பார்கள். நான் காலத்தைவிடக் கனத்தைப் பார்க்கிறேன். படிந்த கரி மூன்று மில்லிமீட்டரைத் தாண்டினால் தேய்க்க வேண்டும். தினமும் எரித்தால் என் வீட்டில் அது ஒன்றரை மாதம். ஈர விறகு போடும் உங்கள் வீட்டில் இப்போதைக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பாருங்கள். ஏணியில் ஏறும் வேலை அப்பாவுக்கு வேண்டாம். கீழேயே கழற்றும்படி ஓர் இணைப்பை வெல்டரிடம் சொல்லி வைத்துக்கொண்டால், தரையில் நின்றே தேய்த்துவிடலாம்.

இப்போது கருவி. தண்ணீரின் வெப்பம் ஒன்றை மட்டும் பார்த்தால் பயன் குறைவு. புகைபோக்கியின் வெப்பத்தையும் சேர்த்துப் பாருங்கள். பாய்லரைவிட்டு வெளியே வந்து ஓரடி உயரத்தில் கே-டைப் தெர்மோகப்பிள் என்ற வெப்ப உணரி ஒன்று போதும், ஆயிரம் டிகிரியைத் தாங்கும். தண்ணீருக்கு டிஎஸ்18பி20 என்ற சிறு உணரி மலிவானது. 125 டிகிரி வரை அளக்கும், அரை டிகிரிக்குள் துல்லியம். இரண்டையும் இஎஸ்பி32 என்ற வைஃபை உள்ள சிறு மின்னணுப் பலகையில் இணைத்தால் கைபேசிக்கு வந்துவிடும். இரண்டு எண்களையும் சேர்த்து வாசிப்பதில்தான் பராமரிப்பே இருக்கிறது. புகைபோக்கி 120-க்குக் கீழேயே நின்றால் விறகு ஈரம், அல்லது காற்று போதவில்லை. அதே அளவு விறகுக்குப் புகைபோக்கியின் சூடு வாரத்துக்கு வாரம் ஏறி, தண்ணீர் சூடாகும் நேரமும் கூடிக்கொண்டே போனால் கரியோ உப்போ படிகிறது. புகைபோக்கி 250-ஐத் தாண்டினால் காற்றுக் கதவைக் குறைக்க வேண்டும். இந்த எண்கள் என் பாய்லருக்குச் சரியாக வந்தவை. உங்களுடையதில் உணரி வைக்கும் இடத்தைப் பொறுத்துப் பத்து இருபது டிகிரி மாறும். எண்ணைவிட அது எந்தப் பக்கம் நகர்கிறது என்பதுதான் செய்தி.

ஒரு நுணுக்கம் சொல்ல வேண்டும். என் அக்கா மகன் இதை எனக்குப் பொருத்திக் கொடுத்த முதல் வாரம், இரவு இரண்டு மணிக்குக் கைபேசி அலறியது: தண்ணீர் 85 டிகிரி. அடுப்பில் தீயே இல்லை. ஓடிப்போய்த் தொட்டுப் பார்த்தால் தகடு வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. டிஎஸ்18பி20 மின்சாரம் விட்டு வந்தவுடன், அளக்கத் தொடங்கும் முன், தன் நினைவில் வைத்திருக்கும் எண் 85. மின் இணைப்பு தளர்ந்து விட்டுவிட்டு வந்தாலும் அதையே காட்டலாம். குளிர்சாதனப் பெட்டியில் அப்படி வந்தால் சிரித்துவிடலாம், பாய்லரில் 85 என்பது நம்பக்கூடிய எண். நிரலில் சரியாக 85.00 வந்தால் தள்ளிவிட்டு மறுபடி அளக்கச் சொல்லுங்கள். பாய்லரின் மேலேயே மின்சாரம் வேண்டாத ஒரு டயல் வெப்பமானியும் இருக்கட்டும். உணரியின் கம்பி புகைபோக்கியைத் தொடாமல் வரட்டும், அதன் உறை உருகும்.

எச்சரிக்கை மணி எங்கே ஒலிக்க வேண்டும் என்பதை யோசித்தீர்களா? பெங்களூரில் ஒலித்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்? அப்பாவுக்குத்தான் ஃபோன் போடுவீர்கள். கேஸ் அடுப்பைப்போல விறகுத் தீயை ஒரு பொத்தானால் அணைக்க முடியாது. காற்றைக் குறைக்கலாம், கட்டையை இழுக்கலாம், அவ்வளவுதான். அந்த வேலைக்குக் கை அங்கே இருக்க வேண்டும். அதனால் மணி பாய்லருக்கு அருகிலும் வீட்டுக்குள்ளும் உரக்க ஒலிக்கட்டும், பேட்டரியில் ஓடட்டும், மின்வெட்டு வந்தாலும் நிற்காமல். உங்கள் கைபேசிக்கு வருவது மாதக் கணக்கைப் பார்த்து எப்போது தேய்க்க வேண்டும், எப்போது வடிக்க வேண்டும் என்று சொல்வதற்கு.

அப்பாவிடம் நேரில் உட்கார்ந்து சொல்லவேண்டிய ஒன்று உண்டு. மேல்தொட்டி காலியாகி, பாய்லர் தண்ணீரில்லாமல் எரிந்துவிட்டால், பதறிப்போய்ப் பச்சைத் தண்ணீரைத் திறந்துவிடக் கூடாது. பழுக்கக் காய்ந்த தகட்டில் தண்ணீர் பட்டால் நொடியில் நீராவி. கட்டைகளை இழுத்துவிட்டு, மிச்சத்தை மண்ணாலோ ஈரச் சாம்பலாலோ மூடி, தானாக ஆறும்வரை யாரும் கிட்டே போகக் கூடாது. இது நடக்காமல் இருக்க, பற்றவைக்கும் முன் சுடுதண்ணீர்க் குழாயை ஒரு முறை திறந்து தண்ணீர் வருகிறதா என்று பார்க்கும் பழக்கம் போதும். எங்கள் அப்புச்சி, அம்மாவின் அப்பா, செப்பு அண்டாவில் வெந்நீர் போட்ட காலத்தில், மூடியைத் தூக்கிப் பார்க்காமல் அடுப்பில் ஒரு சுள்ளியும் செருகமாட்டார்.

சூடு 60 டிகிரிக்கு மேல் போக வேண்டியதில்லை. அந்தச் சூட்டுத் தண்ணீர் முதியவர் தோலைச் சில நொடிகளில் பொசுக்கிவிடும். குளியலறையில் முதலில் பச்சைத் தண்ணீர், பிறகு சுடுதண்ணீர் என்ற வரிசை இருக்கட்டும். சாம்பலை மறுநாள் அள்ளி மூடியுள்ள இரும்பு வாளியில் போடச் சொல்லுங்கள். சாம்பலுக்குள் கங்கு ஓரிரு நாள் உயிரோடு இருக்கும், சாக்குப்பையில் கட்டிக் கொட்டகையில் வைத்துத் தீப்பிடித்த வீட்டை நான் பார்த்திருக்கிறேன். மழைக்காலத்தில் பாய்லரை நிறுத்தினால் சாம்பலை உள்ளேயே விடாதீர்கள். ஈரத்தை உறிஞ்சிக் காரமாகிக் கம்பித்தட்டையும் அடித்தகட்டையும் அரித்துவிடும். மார்கழிக் குளிரில் கங்கைச் சட்டியில் அள்ளி மூடிய அறைக்குள் வைக்கும் வழக்கம் உங்கள் வீட்டில் இருந்தால் இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது பாய்லரின் உச்சியிலிருந்து மேல்தொட்டிவரை போகும் குழாய்களை ஒரு படம் எடுத்து இங்கே போடுங்கள். எந்த வால்வு எங்கே இருக்கிறது என்று தெரிந்தால்தான் ஏர் பைப்பைப் பற்றி உறுதியாகச் சொல்ல முடியும். அதுவரை பிரஷர் பம்ப் இருந்தால் பாய்லர் எரியும் நேரத்தில் நிறுத்தி வைக்கச் சொல்லுங்கள், ஏர் பைப்பில் மூடி இருந்தால் பற்றவைக்கவே வேண்டாம்.